நுனி நனைந்த இழைகள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது நடந்தது 1998 மார்ச் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை. புனே லோஹேகாவில், பட்டப்பகலில்.

சியாமளா எச்சில் பார்க்கிறவள். கணவன் குடித்த டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டாள். யாராவது விரலை நக்கிப் பக்கம் புரட்டினால், அவளுக்கு அன்று சாப்பாடு இறங்காது. விமானப்படையில் வேலை பார்த்த கணவன் பத்மநாபன் அதைச் சொல்லியே அவளைச் சீண்டுவான்.

ஜூனா பஜாரில் பழைய மரச்சாமான் விற்கும் வாணியம்பாடிக்காரர் அப்துல் காதரிடம் அவள் ஒரு தறி வாங்கினாள். படுக்கையறையை அடைத்துக்கொண்டு நின்றது. மாதக் கடைசிக்குள் அது ஓடவில்லை என்றால் விறகுக்குப் போட்டுவிடுவேன் என்றான் பத்மநாபன். அந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மூன்று நாளாக இருவருக்கும் பேச்சில்லை.

ஆனாலும் தறியின் நீளவாட்டு நூலான பாவைக் கோக்க இரண்டு பேர் வேண்டும். பின்னால் இருப்பவர் இழையின் நுனியை எடுத்து நீட்டுவார். முன்னால் இருப்பவர் விழுது என்னும் நூல் வளையத்தின் கண்ணில் கொக்கியை விட்டு அதை இழுத்துக்கொள்வார். மொத்தம் நானூறு இழை. பிரிந்த நுனியை நனைக்க, தறிக்குப் பின்னால் போட்ட ஸ்டூல் அருகே ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தாள். பல்வலிக்கு ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டாள்.

9.40க்கு ஆரம்பித்தார்கள். அவன் வாயே திறக்காமல் பின்னால் உட்கார்ந்தான். நடுவில் நூல் திரை. அவன் முகம் தெரியவில்லை.

ஐம்பது. நூறு. இருநூறு. வாய்க்குள்ளேயே எண்ணினாள்.

11.15. தலைக்கு மேல் ஒரு போர் விமானம் போனது. தறி அதிர்ந்தது.

இருநூற்றுப் பதின்மூன்றாவது இழை கொழகொழவென்று வந்தது.

தண்ணீர் அப்படி இருக்காது. விரலை விலக்கினாள்... கூடவே ஒரு கம்பி நீண்டு அறுந்தது.

எச்சில்.

வேண்டுமென்றே செய்கிறான். பேச வைக்கப் பார்க்கிறான். பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். விரலைப் புடவையில் துடைத்தாள். அடுத்த இழை. அதுவும் அப்படியே. நுரை ஒட்டியிருந்தது. முகத்தருகே வந்தபோது வாடை அடித்தது.

கிராம்பு வாடை.

டப்பாவிலிருந்து அவனும் ஒன்றை எடுத்திருக்கிறான். என்ன திமிர்.

நாக்கு வறண்டது. சொம்பை எடுத்து மடமடவென்று குடித்தாள். மறுபடி வறண்டது. இழைகள் இப்போது வேகமாக வந்தன. கொக்கியை நீட்டுமுன்பே நுனி வந்து நின்றது. நனைந்து. கூராகி.

வாய்க்குள்ளிருந்த கிராம்பு காய்ந்து, ஈறில் குத்தியது.

இருநூற்றுத் தொண்ணூறு...

12.05. வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

அவர்கள் வீட்டு ஸ்கூட்டர்.

செருப்புச் சத்தம். கதவருகே தயிர்ப் பாக்கெட்டோடு பத்மநாபன்.

"என்ன, தனியாவே இழுத்துட்டிருக்க?"

அவள் திரும்பவில்லை.

"பதினொன்னே காலுக்கே எழுந்து போயிட்டேன். நீதான் பேசலியே, யார்கிட்ட சொல்லிட்டுப் போறது?"

கொக்கி அசைந்தது.

அதில் ஓர் இழை மாட்டப்பட்டது. மெதுவாக.

குனிந்து பார்த்தாள்.

ஸ்டூல் காலி. கிண்ணத்துத் தண்ணீர் அசைவில்லாமல் இருந்தது.

கத்த நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அன்றே அறையைப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் டெம்போவில் தறியை ஏற்றி, விழுதுகளை நூலோடு அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு இருவரும் ஜூனா பஜாருக்குப் போனார்கள். நடந்ததையும், கோப்பதைப் பாதியில் விட்டதையும் பத்மநாபன் சொன்னான். அப்துல் காதர் சொன்னார். தறி சோம்வார் பேட்டையில் ஒரு அம்மாவுடையது. ஆயுள் முழுக்கப் புகையிலைக் கரியைப் பல்லில் தேய்த்து, வாயில் புற்று வந்தவள்.

"ஆஸ்பத்திரியில கரண்டு வெச்சதுல வாய் காஞ்சு போச்சும்மா. ஒரு சொட்டு எச்சி ஊறாது. தண்ணியில நனைச்சா நுனி சேராது, எச்சிதான் வேணும்னு பிடிவாதம். மருமகளை நனைச்சுக் குடுக்கச் சொல்லி, வாங்கி வாங்கி நீட்டுமாம். அந்தப் பொண்ணு இருநூத்திப் பன்னெண்டு வரைக்கும் குடுத்துட்டு, குமட்டுதுன்னு எழுந்து போயிட்டா. திரும்பி வந்து பாத்தா, ஸ்டூல்லயே உசிரு போயிருக்கு. கையில அடுத்த இழை."

சியாமளா கையிலிருந்த சுருளை அவரிடம் நீட்டினாள்.

அவர் விழுதுச் சுருளைப் பிரித்தார். விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். கடைசி வரை எண்ணினார்.

"நானூறும் கோத்திருக்கே. பாதியில விட்டதாச் சொன்னீங்க?"

பத்மநாபன் அவளைப் பார்த்தான். அவள் நூலைப் பார்த்தாள். காய்ந்து, கூராக ஒட்டிய நுனிகள். கிராம்பு வாடை.

பதில் சொல்ல வாய் திறந்தாள். குரல் வரவில்லை. பத்மநாபன் ஓடிப்போய் தண்ணீர் வாங்கி வந்தான், யாரோ குடித்த டம்ளரில். அவள் அதை வாங்கிக் குடித்தாள்.

மூன்று டாக்டர்களிடம் காட்டியாகிவிட்டது. காரணம் தெரியவில்லை என்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சியாமளாவின் வாயில் எச்சில் ஊறவில்லை.