பதினெட்டாம் தேதி பிற்பகல்

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற நல்ல தேதி எது என்று கேட்டால் ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். பெரியக்காவின் கொழுந்தனிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கருவூலத்தில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவர். நாட்காட்டியும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். ஜூலை முதல் தேதி ஊதிய உயர்வை வாங்கிக்கொண்டு மறுநாள் கிளம்புகிறவர்தான் புத்திசாலி, அதற்கு ஒரு நாள் முன்னால் போனாலும் அடிமுட்டாள் என்பது அவர் கட்சி. பெரியக்கா ஏப்ரல் பதினெட்டு என்றதும் மனிதர் பேனாவை மூடிவிட்டார்.

"அன்னிக்கு அப்படி என்ன விசேஷம் அண்ணி?"

"ஒண்ணுமில்ல. மறுநாள் பத்தொன்பது," என்றாள் பெரியக்கா.

சாலைத் துறையின் கோட்ட அலுவலகத்தில் அவள் தலைமை எழுத்தர். ஐந்தடிகூட இல்லாதவளுக்குப் பெரியக்கா என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. குடிநீர்க் குழாய் பதிக்க, கேபிள் போட என்று சாலையைத் தோண்ட அனுமதி கேட்டு வரும் மனுக்களெல்லாம் அவள் மேஜையில்தான் வந்து விழும். எந்தச் சாலை எப்போது போட்டது, எதை இரண்டு வருடத்துக்குத் தொடக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் பார்த்துத் திருத்திய பிறகுதான் காகிதம் உள் அறைக்குப் போகும். அவளுக்கு ஒரே உதவியாளர், புதுசு. வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடமாகியும் அவள் புதுசுதான், ஏனென்றால் அவளுக்குப் பிறகு அரசாங்கம் யாரையும் நியமிக்கவில்லை.

உள் அறையில் இருந்தவர் கோட்டப் பொறியாளர். கையெழுத்துப் போடுகிற வேகத்தைப் பார்த்து அலுவலகம் அவருக்கு மின்னல் என்று பெயர் சூட்டியிருந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு போட்டுக்கொண்டே போவார். பக்கத்தைப் புரட்டிவிட ஓர் ஆள் நிற்க வேண்டும். ஒருமுறை டீக்கடைக்காரர் நீட்டிய ரசீதிலும் 'அனுமதிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மஞ்சள் அட்டையில் வருவது விடுப்பு விண்ணப்பம் என்பது மட்டும் தெரியும். அதில் 'பேசவும்' என்று ஒரு சொல் எழுதி அனுப்புவார். பேசப் போனால் பேச மாட்டார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பெரியக்காவின் சொந்த அக்கா வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தாயில்லாத வீட்டில் தன் படிப்பை நிறுத்திக்கொண்டு இவளைப் படிக்க வைத்தவள். பெரியக்கா ஐந்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். 'பேசவும்' என்று திரும்பி வந்தது. பேசப் போனாள். போனில் இருந்தவர், அப்புறம் என்று கையைக் காட்டினார். மறுநாளும் போனாள், அதே கைதான். சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாம்தான். அதற்கு முந்தின மாதம்தான் அப்படிப் போன ஒருவருக்கு மெமோ வந்திருந்தது. அந்தப் பயத்தில் இருந்துவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் அக்கா போய்விட்டாள். எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியவளிடம் மின்னல் நிஜமான வருத்தத்தோடுதான் பேசினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நான் விட்டிருக்க மாட்டேனா?"

அக்கா செத்ததைக்கூட அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். அந்த 'சொல்லியிருக்கலாமே' மட்டும் தொண்டையை விட்டு இறங்கவே இல்லை. சோற்றில் கை வைத்தால் அது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அது. திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அந்த ஆள் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்த்துக் கையைக் காட்டியதே அவருக்கு நினைவில்லை என்பதுதான் வயிற்றை எரித்தது. உனக்கும் ஒரு நாள் வரும் என்று ஆறு வருடம் கருவிக்கொண்டே அவர் தவறுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

அந்த நாள் ஜனவரியில் ஒரு சுற்றறிக்கையாக வந்தது. தலைமை அலுவலகக் குழு ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி ஆய்வுக்கு வருகிறது, தோண்டல் அனுமதிகள் ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும். பெரியக்கா விரல்விட்டு எண்ணினாள். விருப்ப ஓய்வுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு தேவை. ஜனவரி பதினேழில் கொடுத்தால் ஏப்ரல் பதினெட்டு பிற்பகலோடு விடுதலை. மறுநாள் காலை குழு கேட்கிற கேள்விக்கெல்லாம் மின்னல் தனியாக நின்று முழிக்க வேண்டும். ஒரே ஒரு இடைஞ்சல்தான். அவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டால் தேதியைத் தள்ளிப் போட்டுவிடுவார், எல்லாம் மண்ணாகிவிடும்.

ஜனவரி பதினேழாம் தேதி இருபத்தாறு கோப்புகளுக்கு நடுவில் தன் கடிதத்தையும் அதை ஏற்கும் ஆணையையும் வைத்து எடுத்துப் போனாள். பக்கத்தில் நின்று தானே புரட்டிவிட்டாள். அவர் யாரிடமோ வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேனா அவள் பெயருக்குக் கீழே ஒரு சுழி சுழித்து அடுத்த கோப்புக்குப் போயிற்று. வெளியே வந்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே கோபமும் பொங்கியது. இருபத்தொன்பது வருட உழைப்பு, பாவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே.

அன்றிலிருந்து அவள் திருத்துவதை நிறுத்தினாள். போன மாதம் போட்ட சாலையையே தோண்ட ஒருவன் கேட்டானா, போகட்டும். மனுவோடு வரைபடம் இல்லையா, அதுவும் போகட்டும். மூன்று மாதத்தில் பதினொரு தப்பான காகிதங்கள் தெரிந்தே அவள் கையால் உள்ளே போய் அனுமதியாக வெளியே வந்தன. தையற்கடை வைத்திருந்த அவள் வீட்டுக்காரர் மட்டும், தெரிந்துகொண்டே துணியைக் கோணலாக வெட்டுவார்களா என்று முணுமுணுத்தார். உங்க கத்தரிக்கோலை நீங்க பாருங்க என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

ஓய்வு பெறப் போவதைப் புதுசிடம் கடைசி மூன்று நாளில்தான் சொன்னாள், அதுவும் வெளியே மூச்சு விடக் கூடாது என்ற கண்டிப்போடு. புதுசு அழுதாள். பதினெட்டாம் தேதி பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை நீட்டியபோதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். மாலை நான்கு மணிக்கு அந்தப் பட்டியலையும் பணிவிடுவிப்பு ஆணையையும் மின்னலிடம் கொண்டுபோனாள் பெரியக்கா. அவர் போனில் இருந்தார். இரண்டிலும் போட்டார். போயிட்டு வரேன் சார் என்றாள். அவர் கையைக் காட்டினார்.

மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு வீட்டில் போன் அடித்தது. மின்னலின் குரல் பதறியது. வாசலில் இரண்டு கார் நிற்கிறது, எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, இப்படி நட்டாற்றில் விட்டுப் போகலாமா என்று புலம்பிவிட்டுக் கடைசியில் அதையே சொன்னார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன் சார். மூணு மாசத்துக்கு முன்னாடியே. நீங்க கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் விழுந்தாள். ஆறு வருடத்தில் அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதில்லை.

இரண்டு நாள் கழித்து மதியம் மூன்று மணிக்குப் புதுசு வந்தாள். கையில் மெமோ இருந்தது. குழு பதினொன்றையும் கண்டுபிடித்துவிட்டது. மின்னல் ஒரு நிமிடம்கூடத் தடுமாறவில்லையாம். பிரிவு சரிபார்த்துத்தான் எனக்கு வருகிறது என்று சொல்லி அந்த ஒப்படைப்புப் பட்டியலை எடுத்து நீட்டினாராம். மெமோவோடு இணைத்திருந்த அதன் நகலைப் பெரியக்கா வாங்கிப் பார்த்தாள். வருடக்கணக்காக அச்சில் இருக்கும் பழைய படிவம்தான். 'மேற்கண்ட கோப்புகள் அனைத்தையும் சரிபார்த்தேன், குறை ஏதுமில்லை.' அடியில் புதுசின் கையெழுத்து. ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் தற்காலிகப் பணிநீக்கம்.

அலுவலகத்தில் தப்பு எப்போதும் கீழ் நோக்கித்தான் உருளும் என்பது நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். ஆறு வருடம் ஒரே ஆளை முறைத்துக்கொண்டிருந்ததில் இருபத்தொன்பது வருடம் பார்த்தது அவள் கண்ணில் படவில்லை.

"படிக்காமலா போட்ட?"

"நீங்க குடுத்ததுதானேக்கா," என்றாள் புதுசு. "உங்க மேல தப்பு இருக்காது. எனக்குத்தான் பாக்கத் தெரியல. விளக்கம் எப்படி எழுதறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

பெரியக்காவுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பிறகு காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தாள். பேனா எங்கும் நிற்கவில்லை. மின்னல் எதையும் படிக்காமல் கையெழுத்திடுவதையும் எழுதினாள், தன் ஓய்வு ஆணையையே அப்படித்தான் வாங்கியதையும் எழுதினாள். அந்த ஆளை விட்டுவிட அவளுக்கு இப்போதும் மனமில்லை. ஆனால் அதற்கும் மேலே, மூன்றாவது வரியிலேயே, வேறொன்றை எழுதியிருந்தாள். இப்படி எழுதிக் கொடுத்தால் தன் ஓய்வூதியக் காகிதம் எத்தனை மேஜையில் எத்தனை வருடம் தூங்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அடியில் சாட்சியாகத் தன் கையெழுத்தையும் போட்டுப் புதுசிடம் தள்ளினாள்.

புதுசு நன்றியோடு வாங்கி, பேனாவைத் திறந்து, நேரே காகிதத்தின் அடிக்குப் போனாள். பெரியக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"படிச்சிட்டுப் போடு."

"நீங்க எழுதினதுதானேக்கா."

"படிடி."

புதுசு படித்தாள். மூன்றாவது வரியில் அவள் உதடு அசைவது நின்றது. அங்கேயே இரண்டு தடவை படித்தாள்.

"தெரிஞ்சேவாக்கா?"

"ஆமா," என்றாள் பெரியக்கா. "மீதியையும் படி."