நாற்பத்தெட்டு மணித்தியாலம்

கொரோனா கொஞ்சம் தணிந்து, துறைமுகங்களில் கட்டிக் கிடந்த உல்லாசக் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய வருடம், நான் பரிஸ் நகரில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு பயண ஏஜென்சியில் வேலை செய்துகொண்டிருந்தேன். விமான டிக்கெட் போடுவதுதான் என் வேலை. ஆனால் அந்தக் கோடையில் எங்கள் ஆட்களுக்குக் கப்பல் பைத்தியம் பிடித்தது. காரணம் சின்னதுதான். அண்ணன் லண்டனில், தம்பி நோர்வேயில், தங்கை ரொறன்ரோவில் என்று சிதறிக் கிடந்தவர்கள் இரண்டு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் திரையில் மட்டும் பார்த்திருந்தார்கள். யாராவது ஒருவர் வீட்டில் கூடினால் அந்த வீட்டுக்காரிக்கு ஒரு கிழமையும் குசினியிலேயே போய்விடும். கப்பலில் சமைக்க வேண்டாம், பாய் விரிக்க வேண்டாம், சண்டை வந்தால் அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

கப்பலேறத் தடுப்பூசி மட்டும் போதாது. கொரோனா இல்லை என்று சோதனைத் தாளும் காட்ட வேண்டும். அந்தச் சோதனை விஷயத்தில், எங்கள் ஈழத்துக் கடைகள் நிறைந்த லா சப்பலிலேயே பெரிய நிபுணர் நான்தான். எந்தச் சோதனை செல்லும், எது செல்லாது என்று தமிழில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். லபோவில், அதாவது பரிசோதனைக்கூடத்தில், செய்யும் பிசிஆர் என்றால் ஏறுவதற்கு முந்தைய எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள். பார்மசியில் செய்யும் அன்டிஜென் என்றால் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள், அதுவும் பார்மசிக்காரரோ தாதியோ தம் கையால் குச்சியை விட்டுத் தாள் தர வேண்டும். வீட்டில் தானே மூக்கில் விட்டுப் பார்க்கும் ஒட்டோடெஸ்ட், சாமி வந்து சாட்சி சொன்னாலும் செல்லாது. இந்தக் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

போட்டும் என்ன பயன்? உணவகத்தில் வேலை செய்யும் ஒரு அண்ணை ஒட்டோடெஸ்ட் தட்டையைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"பாருங்கோ தங்கச்சி, ஒரு கோடுதான்."

"அண்ணை, உங்கடை குசினியிலை விழுந்த கோட்டைக் கப்பல்காரன் நம்பான்."

"நான் பொய் சொல்லுவனோ?"

"நீங்கள் சொல்லமாட்டியள். ஆனா அவனுக்கு உங்களைத் தெரியாதெல்லே."

அவர் முகம் கறுத்துப் போய்விட்டது. நாற்பது வருடம் இந்த நாட்டில் இருக்கிற மனிதனின் சொல்லுக்கு மதிப்பில்லையாம், இருபது வயதுப் பார்மசிப் பெட்டையின் முத்திரைக்கு மதிப்பாம் என்று முணுமுணுத்தபடி போனார்.

நாள் எண்ணுவதிலும் தொல்லை. நம்மவர்கள் வெள்ளியிலிருந்து ஞாயிறு இரண்டு நாள்தானே என்று நாள்கணக்கு வைப்பார்கள். கப்பல்காரன் நாளை எண்ணமாட்டான், மணியை எண்ணுவான். ஞாயிறு மாலை ஏறுவதற்கு வெள்ளி காலை சோதித்துக்கொண்டு போன ஒரு குடும்பம் தெற்கே மார்செய் துறைமுகத்தில் வெயிலில் நின்று மறுபடி மூக்கைக் கொடுக்க வேண்டி வந்தது. தொலைபேசியில் என்னைத்தான் திட்டினார்கள். நானும் திருப்பித் திட்டினேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், அதை மறைப்பதற்கில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எனக்கு ஆறு வயது மூத்தவள். கூடப்பிறந்தவர் என்று எங்களுக்கு வேறு யாரும் இல்லை. பரிசிலிருந்து கல்யாணம் கட்டி ரொறன்ரோவுக்குப் போனவள், ஒரு மகள், பிறகு புருஷன் போய்ச் சேர்ந்தார், பிறகு வருத்தம் வந்தது. மார்பில் தொடங்கிய புற்றுநோய் அந்த வருடம் ஈரலுக்கு இறங்கியிருந்தது. வைத்தியர் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்று அவள் மகள் எனக்குத் தனியாகச் சொன்னாள்.

நான் கனடாவுக்குப் போக வழியில்லை. என்னிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பிரயாணப் பத்திரம். அதை வைத்து இரண்டு தடவை விசா கேட்டேன், இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் போட்ட என் கோப்பு பொபினி அரச அலுவலகத்தில் வரிசையில் கிடந்தது. அக்கா கடைசியாக இங்கே வந்துபோய்ப் பதினொரு வருடம், அதற்குப் பிறகு நான் அவளைத் தொட்டதில்லை.

கப்பல் யோசனை அவளுடையதுதான். மருந்து ஏற்றுவதற்கு நடுவில் மூன்று கிழமை இடைவெளி கொடுத்திருந்தார்கள்.

"பரிசுக்கே வாவன் அக்கா" என்றேன்.

"லா சப்பலுக்கு வந்தால் தோடம்பழமும் அப்பிளும் கொண்டு ஊரே வரும். என்ரை மொட்டைத் தலையைப் பாத்துப் பாத்து அழுவினம். நான் எல்லாருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டு இருக்கோணும். என்னாலை ஏலாதடி. நீ கப்பலுக்கு வா. அங்கை எங்களை ஒருத்தருக்கும் தெரியாது."

மார்செயில் ஏறி, இத்தாலி, ஸ்பெயின் சுற்றி, ஏழு இரவு கழித்து மார்செய்க்கே திரும்பும் கப்பல். அதற்கு என் பத்திரம் போதும். மூன்று பேருக்கு ஒரே அறை: அக்கா, மகள், நான். என் கையாலேயே பதிவு செய்தேன். அப்படி ஒரு சந்தோசத்தோடு நான் வேறு எந்தப் பதிவும் செய்ததில்லை. வெளிச் சாப்பாட்டைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நானே, அவளுக்குப் பிடிக்குமென்று இறைச்சி வைத்துப் பொரித்த பற்றிஸ் இருபது வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குக் கப்பலேற வேண்டும். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு, மெட்ரோவுக்குப் பக்கத்திலிருக்கும் பார்மசிக்குப் போனேன். தொண்டை இரண்டு நாளாகக் கரகரத்தது. நாள் முழுக்க வாடிக்கையாளரோடு கத்துவதால்தான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைக்க விரும்பினேன்.

பார்மசிப் பிள்ளைக்கு என்னை நன்றாகத் தெரியும். எத்தனை பேரை அவளிடம் அனுப்பியிருக்கிறேன். "இன்றைக்கு உங்கள் முறையா மதாம்?" என்று பிரெஞ்சில் சிரித்தபடி குச்சியை விட்டாள். பதினைந்து நிமிடம் வெளியில் மெட்ரோப் பாலத்துக்குக் கீழே நின்றேன். மேலே ரயில் போகும்போதெல்லாம் கீழே சனங்களின் கதை நின்று மறுபடி தொடங்கியது. மற்றவர்களைக் கதவடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவள், என்னிடம் மட்டும் இறங்கி நடந்து வந்தாள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"பொசித்தீவ், மதாம்."

மற்ற மூக்குத் துவாரத்தில் எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். அதிலும் அதுதான். பிசிஆர் செய்தால்? அது இதைவிடத் துல்லியமாகக் காட்டிக் கொடுத்துவிடும் என்றாள். எனக்குத் தெரியாததா? அந்தப் பதிலை நானே எத்தனை பேருக்கு முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருக்கிறேன். பார்மசி வாசலில் நின்று, போவோர் வருவோர் பார்க்க அழுதேன்.

வீட்டுக்கு வந்து, கதவுக்கு அப்பால் நின்று, என் கணவரிடம் சொன்னேன். அவர் பதறுகிற ஆள் இல்லை. தாடையைத் தடவியபடி சொன்னார்:

"இஞ்சை பாரும். உம்மடை கார்த் வித்தாலிலை படம் இல்லைத்தானே. பழைய காட். தங்கச்சியிட்டைக் குடுத்துவிடுவம். நாளைக்குக் காலமை வேறை பார்மசியிலை போய் உம்மடை பேரிலை மூக்கைக் குடுக்கட்டும். ஆர் பாக்கப் போகினம்?"

கார்த் வித்தால் என்பது இங்கே எல்லோரும் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டு அட்டை. அவருடைய தங்கை, என் மச்சாள், அடுத்த தெருவில் இருந்தாள். என் வயதுதான், கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டாள். தாள் என் பெயரில் நெகட்டிவ் என்று வரும். கப்பல்காரன் தாளைத்தான் பார்ப்பான்.

ஒரு நிமிடம் மனம் அங்கே போய்த்தான் வந்தது. இல்லை, ஒரு நிமிடம் அல்ல. கால் மணித்தியாலமாவது போயிருக்கும்.

"அக்காவுக்கு இரத்தத்திலை வெள்ளையணுவே இல்லையெண்டு டொக்டர் சொன்னவர். ஒரே அறையிலை ஏழு நாள். நான் போய் அவளைக் கொல்லவோ?"

"மாஸ்க் போட்டுக்கொண்டு இரும்."

"சாப்பிடேக்கையும் போடுறதோ? படுக்கேக்கையும் போடுறதோ?"

அவர் தலையணையை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார்.

அக்காவும் மகளும் அன்று காலையே மார்செயில் வந்து இறங்கி ஹோட்டலில் இருந்தார்கள். கூப்பிட்டேன். "எனக்கு வந்திட்டுதக்கா" என்று மட்டும் சொன்னேன். என்ன வந்தது என்று அவள் கேட்கவில்லை. அந்த வருடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

"சரி. அப்ப நீ படு" என்றாள். பிறகு, "சுடுதண்ணி குடி" என்றாள். சாகக் கிடக்கிறவள் எனக்குச் சுடுதண்ணீர் குடிக்கச் சொன்னாள்.

தூரத்தில் நின்றாவது பார்க்கலாம், காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கணவர் சொன்னார். ஆனால் சனி காலை காய்ச்சல் பிடித்த பிடியில் என்னால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. அவர் விறாந்தையில் படுத்துக்கொண்டு, நான்கு நாளில் அந்தப் பற்றிசைத் தனியாகத் தின்று தீர்த்தார்.

அக்காவும் மகளும் மட்டும் ஏறிப் போன கப்பலிலிருந்து படங்கள் வந்தன. அக்கா தலையில் நீலத் துணி கட்டி, தட்டில் ஒரு துண்டு முலாம்பழத்தோடு. அக்கா கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு. மெலிந்துதான் போயிருந்தாள், தோள் எலும்பு துணிக்குள்ளால் தெரிந்தது. மூன்றாவது நாள் படம் வரவில்லை. மாலையில் மகள் கூப்பிட்டாள்.

"சித்தி, எனக்குப் பொசிட்டிவ். அம்மாவுக்கும். ரூமுக்குள்ளை இருக்கச் சொல்லிட்டாங்க. பயப்படாதீங்கோ, அம்மா ஓகே. காய்ச்சல் மட்டும்."

அத்தனை பேரும் தாளோடு ஏறிய கப்பல். நெகட்டிவ், முத்திரை, கையெழுத்து, மணி, எல்லாம் சரியாக இருந்த தாள்கள். அவற்றில் பத்துத் தாளாவது நான் சரிபார்த்து அனுப்பியவை. அந்தக் கப்பலில் எங்கிருந்தோ வந்து என் அக்காவைத் தொற்றியது.

அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் எழுந்திருந்து ரொட்டியும் தேநீரும் கேட்டாளாம். வெள்ளையணு இல்லாத அவளை அது சும்மா விட்டுவிட்டது. என்னைத்தான் பன்னிரண்டு நாள் போட்டு உருட்டியது. கப்பல் மார்செய்க்குத் திரும்பி, அவர்கள் தனிமை முடிந்து விமானமேறிய அன்று, நான் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

அக்கா அந்த மாரிக் குளிரில் போய்விட்டாள். செத்தவீட்டைத் தொலைபேசித் திரையில் பார்த்தேன். நடுவில் இரண்டு தடவை இணைப்பு அறுந்தது. அவள் முகத்தை மூடும் நேரம் எனக்குத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கூடப்பிறந்தவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்காத பாவி நான்.

ஆனால் என்னை வாட்டுவது அதுகூட இல்லை. அதற்கு மூன்று கிழமைக்கு முதல் அவளோடு கதைத்த கதைதான். பிற்பகல் நேரம், ஏஜென்சியில் வாடிக்கையாளர் இல்லை. அவளுக்கு அங்கே காலை. குரல் நூல் போல மெலிந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. கப்பல் பேச்சு வந்தது. எனக்கு ஏனோ அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. மச்சாளை என் அட்டையோடு அனுப்பலாம் என்று அவர் சொன்னதையும், நான் மாட்டேன் என்று நின்றதையும் சொன்னேன். அவளுக்காக நான் செய்ததை அவள் ஒரு வார்த்தை மெச்ச வேண்டும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நின்று, பிறகு சொன்னாள்:

"என்ரை பேரிலை மூண்டு வருசம் வேலை செய்தனியெல்லே. ஒரு நாளைக்கு மச்சாளின்ரை மூக்கோடை வந்தால் குறைஞ்சோ போயிருப்பாய்?"

இதை விளக்க வேண்டும். நான் பிரான்சுக்கு வந்த புதிதில் என் அகதி விண்ணப்பம் முதல் தடவை மறுக்கப்பட்டது. வேலை செய்ய அனுமதி இல்லை. அப்போது அக்கா பரிசில் இருந்தாள், அவளிடம் பத்து வருட வதிவிட அட்டை இருந்தது. அதை அவள் என்னிடம் கொடுத்தாள். மூன்று வருடம் அதிகாலையில் அலுவலகங்கள் துடைத்தேன், அவள் பெயரில், அவள் பிறந்த திகதியில். மேற்பார்வைக்காரி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன். பிடிபட்டிருந்தால் என்னோடு அவள் அட்டையும் போயிருக்கும். ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை, ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை. முதல் தடவையாக அன்றுதான் சொன்னாள்.

"உனக்குத் தொத்தியிருந்தா அக்கா?" என்றேன்.

"தொத்தினதுதானேயடி" என்றாள். "ஆரோ முன்பின் தெரியாதவன் இருமினது. உன்னட்டையிருந்து தொத்தியிருந்தா, கதவைப் பூட்டிப்போட்டு ரெண்டு பேரும் ஒண்டாப் படுத்துக் கிடந்திருப்பம்."