திரைச்சீலைக்காரர் அனுப்பாத மின்னஞ்சல்கள்

திரைச்சீலை தைக்கும் அவருக்கு மைத்துனன் வைத்த பெயர் 'ம்ம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். கடையில் போன் அடித்தால் மனைவியைப் பார்ப்பார், அவள்தான் எடுப்பாள்.

ஒரு திங்கட்கிழமை கடையின் மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிந்தது. 'நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை' என்று முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து வரிசையாக வந்திருந்தன. திறந்தால், வழுக்கையில் முடி வளர்க்கும் மாத்திரைக்கு விளம்பரம். அனுப்பியவர் இடத்தில் கடையின் பெயர்.

அவர் தலையிலோ பெயருக்குக்கூட ஒரு முடி கிடையாது. மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் பாஸ்வேர்டை மாற்றினார். மறுநாளும் வந்து கொட்டியது.

கடையின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் மைத்துனன் வந்து பார்த்தான்.

"உள்ள யாரும் பூந்துடல மாமா. எவனோ எங்கேயோ உக்காந்து அனுப்பறான். அனுப்பறவர் இடத்துல நம்ம கடை பேரப் போட்டுடறான். போய்ச் சேராததெல்லாம் நம்ம தலையில வந்து விழுது."

"போய்ச் சேர்ந்தது?"

"அவங்க நம்மளத் திட்டுவாங்க."

கடையின் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப இன்ன சர்வருக்கு மட்டுமே உரிமை, மற்றவற்றை ஏற்க வேண்டாம் என்று கடையின் இணைய முகவரிக்கான டொமைன் அமைப்பில் பதிந்து வைத்தான். "எல்லாரும் இதப் பாத்து நடக்கமாட்டாங்க. ஆனா போகப்போகக் குறையும்."

திட்டு போனில் வந்தது, இணையதளத்தில் இருந்த கடை எண்ணுக்கு. மனைவி வெளியே போயிருந்தாள். மணி விடாமல் அடிக்கவே, அவரே எடுத்தார்.

"ஏங்க, எனக்கு முடி இடுப்பு வரைக்கும் இருக்கு. இந்த மாத்திரைய ஏன் என் உயிர எடுத்து விக்கறீங்க?" வயதான ஒரு அம்மாளின் குரல்.

"நான் அனுப்பலைங்க" என்றார். அதோடு நிறுத்தியிருப்பார். ஆனால் எதிர்முனையில் அம்மாள் காத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு உறை மேல அனுப்புநர்னு உங்க பேர நான் எழுதிப் போட்டா, அது நீங்க போட்ட தபால் ஆயிடுமாம்மா?"

"ஆகாதுதான்... ஆனா நாளைக்கும் வந்தா கூப்பிடுவேன்."

சொன்னபடியே அம்மாள் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார். திட்டு குறைந்து பேச்சு கூடியது. மனைவி கடைக்குள் நுழைந்தபோது அவர் போனில், அம்மாள் வீட்டில் காலை வெயில் அடிக்கும் ஜன்னலுக்கு, திரைச்சீலையின் பின்பக்கம் வைத்துத் தைக்கும் உள்துணி எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவள் பையை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

மெல்ல மெல்லத் திரும்பி வருபவை குறைந்தன. ஒரு மதியம் அந்த அம்மாளே கேட்டார்: "இன்னிக்கு எனக்கு ஒண்ணும் வரலையே. உங்களுக்கு?"

"எனக்கும் வரல."



"அப்ப இனிமே உங்களக் கூப்பிட ஒரு சாக்கும் இல்ல" என்றார் அம்மாள்.

"ஜன்னல் அளவு எடுக்கணுமே" என்றார் அவர். "எப்ப வரட்டும்?"