மெட்ராஸ் ஐ இல்லை

லூபஸ் எனக்கு வந்தது பத்தொன்பது வயதில். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். மூட்டு வலியும் காய்ச்சலும் மாத்திரையில் அடங்கியதும், மறைமலை நகரில் கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். வெள்ளை விளக்கின் கீழே வளையங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெட்டோ குமிழியோ இருந்தால் ஒதுக்க வேண்டும். நோயைப் பற்றி அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது வருடம் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்த ஆரம்பித்தது. ஏசிக் காற்று பட்டால் எரியும். மதியத்துக்குள் இரண்டு கண்ணும் சிவந்துவிடும். லூபஸால் கண் வறளலாம், வறண்டால் உடனே வந்து காட்டு என்று அதற்கு மருந்து தரும் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் போகவில்லை.

பக்கத்து மேஜைக்காரி படப்பையிலிருந்து வருபவள். தினமும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். ஒரு திங்கட்கிழமை அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனாள்.

"மெட்ராஸ் ஐ-யா? எங்க வூட்ல கைக்கொழந்த கீதுடி. கிட்ட வராத."

"அது இல்லடி, எனக்கு வேற..."

அவள் கேட்கவில்லை. மறுநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். சாயங்காலம் தாம்பரம் போகும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகக் கிடந்தது. மூன்று பேர் நின்றுகொண்டே வந்தார்கள்.

புதன்கிழமை லைன் லீடர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னாமா, ரெண்டு நாள் வூட்ல கெடந்தா இன்னா? எல்லாருக்கும் ஒட்ட வெச்சிட்டுதான் போவியா?"

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

நான் கண்ணை விரலால் நன்றாகத் தேய்த்தேன். நேரே போய் அவள் கையைப் பிடித்து, அந்த விரலை அவள் உள்ளங்கையில் அழுத்தினேன். "இந்தா, வெச்சுக்கோ."

அலறிக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். ஒட்டாது என்று அப்போது எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. அவள் சோப்பைப் போட்டுப் போட்டுக் கழுவியதைப் பார்க்க நன்றாக இருந்தது.

டாக்டர் கடிதம் இல்லாமல் வரக் கூடாது என்று அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். தாம்பரத்தில் கண் டாக்டர் என் கீழ் இமைக்குள் சிறு காகிதத் துண்டைச் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொன்னார். எடுத்தபோது நுனி மட்டும் ஈரமாக இருந்தது. பிறகு மஞ்சள் மருந்து விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

"கண்ணீரே சுரக்கல. கருவிழி மேலெல்லாம் சின்னச் சின்னக் காயம். இவ்ளோ நாள் இன்னா பண்ணிட்டு இருந்தே?"

அவர் மேலேயும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சொட்டு மருந்தும், தொற்றுநோய் இல்லை என்று ஒரு கடிதமும் தந்தார்.

லைன் லீடர் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். "சரி, ஒட்டாது. ஆனா இந்தக் கண்ண வெச்சிகினு இன்னாத்த செக் பண்ணுவே?" என்னை ஸ்டோருக்கு மாற்றினார். அங்கே ஏசி இல்லை. கண்ணுக்கு அது நல்லதாகவே போயிற்று. இருந்தாலும் அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை.

அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. சிரித்ததற்கு முதலில் அவள் கேட்கட்டும் என்று இருக்கிறேன். கேன்டீனில் என்னைக் கண்டால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுகிறாள்.