ஆரோன் நின்ற இடம்

தூபக் கலசத்தின் சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பக்தி வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது. என் அப்பா ஆவூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூரின் உபதேசியார். பங்குச் சாமியார் எப்போதாவது மாட்டு வண்டியில் வந்து பூசை வைப்பார். மற்ற நாள்களில் மாதா கோயிலும் செபமும் அப்பா பொறுப்பு. நாற்பதுகளில் ஒரு கோடையில் கீழத்தெருவுக்குள் வாந்திபேதி நுழைந்தது. இன்றைக்கென்றால் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குக் காலையில் வயிறு கலங்கினால் பொழுது சாய்வதற்குள் பாடை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை செபத்தில் அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பழைய ஏற்பாட்டில் கொள்ளைநோய் வந்தபோது, குரு ஆரோன் தூபக் கலசத்தோடு ஓடிப்போய்ச் செத்தவர்களுக்கும் உயிரோடிருந்தவர்களுக்கும் நடுவே நின்றதையும், அதோடு நோய் ஓய்ந்ததையும் உருகி உருகிச் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். சனம் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை எங்கள் வாசலில் கூட்டம்.

"சாமியார் வரக் காணோம். நீங்கதான் கலசத்த எடுத்துக்கிட்டு அங்கிட்டு வரணும். நீங்க வந்து நின்னா நோவு ஓடிரும்ங்க."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் குரு இல்லப்பா, வெறும் உபதேசி" என்றார். மகனைப் புதைத்துவிட்டு நேரே வந்த ஒருத்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா உள்ளே வந்து சட்டையை மாட்டினார்.

அம்மா வழியை மறித்தாள். "ஆரோனுக்குப் பட்டம் கட்டுனது ஆண்டவரு. ஒங்களுக்கு யாரு கட்டுனா? புள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

"போகலைன்னா நேத்து நான் சொன்னது பொய்யின்னு ஆயிரும். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கோயிலுக்குள்ள நுழைவேன்?"

அம்மாவை விலக்கிக்கொண்டு வெளியே இறங்கினார். பயந்துகொண்டேதான் போனார்.

தெரு முனையில் சாம்பிராணிப் புகைக்குள் நின்றார். அதோடு விட்டாரா? முனகல் கேட்ட வீட்டுக்குள்ளெல்லாம் போனார், வாந்தியைத் துடைத்தார், தூக்க ஆளில்லாத பிணங்களைத் தோளில் சுமந்தார். எங்களுக்கும் தொற்றிவிடும் என்று வீட்டுப் பக்கமே வராமல் கோயில் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டார். நோய் ஓயவில்லை. ஒரு வாரத்துக்குள் அவரையும் பிடித்தது.

அம்மா கஞ்சித் தண்ணீரோடு ஓடினாள். அவள் தடுக்கத் தடுக்க நானும் பின்னாலேயே ஓடினேன். கீழத்தெருவில் ஒப்பாரி கேட்டது. குழி வெட்ட மண்வெட்டியோடு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் அப்பாவையும் ஆண்டவரையும் சேர்த்தே திட்டிக்கொண்டு வந்தாள் அம்மா.

அப்பாவின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. குரல் காற்றாக வந்தது.

"இன்னைக்கு அங்கிட்டு யாருக்கும் இல்லையே?"

அம்மா முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள்.

"யாருக்கும் இல்லங்க. நீங்க போயி நின்னதும் எல்லாம் அடங்கிருச்சு."

அதைக் கேட்ட பிறகுதான் அப்பா கண்ணை மூடினார்.