பூவாயி உதறிய சாக்குகள்

பூவாயி சாக்கை உள்வெளியாகத் திருப்பி மூன்று முறை உதறுவாள். பிறகு தையல் இடுக்குகளில் விரல் விட்டுத் தேடுவாள். ஒரு நெல் சிக்கினாலும், விதையில் கலந்துவிடாதபடி வாயில் போட்டுக் கடித்துவிடுவாள். வரிச்சிக்குடியில் அம்பலவாணன் விதைநெல் போட்ட ஒன்பது சம்பாவிலும், வயலில் கலவன், அதாவது கலந்து முளைத்த வேற்று நெல், பிடுங்குவதும் களத்தைக் காப்பதும் அவள் பொறுப்பு. புருஷன் செத்தபின் அந்த வேலையை வைத்துத்தான் மகளைக் கட்டிக்கொடுத்தாள்.

தாவரவியல் முடித்து 1979இல் அங்கே மேற்பார்வைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

அந்தச் சம்பாவில், மீசையில்லாக் குட்டை ரகமான ஐ.ஆர். 20 வயலில் மீசை நெல் நெட்டையாகத் தலைகாட்டியது. சோதிக்க வந்த அதிகாரி, விதைக்கு ஆகாது என்று எழுதிவிட்டுப் போனார். போன வருஷம் பக்கத்து வயலில் இருந்ததும் மீசை நெல்தான்.

"எப்படிப்பா வந்துச்சு?" என்று அம்பலவாணன் என்னைக் கேட்டார்.

"நெல்லு தன் பூவுக்குள்ளயே கருக்கட்டிக்கும்ங்க. பக்கத்து வயலால வராது. களத்துலதான் கலந்திருக்கணும்."

"ஐயா, போன வருசம் ரெண்டு வயலும் ஒண்ணா பூத்துச்சு. காத்தும் அங்கேருந்துதான் அடிச்சுச்சு" என்றாள் பூவாயி.

"படிச்ச புள்ளையவிட ஒனக்குத் தெரியுமோ? பூவுக்குப் பூ நீதான் மாப்பிள்ளை பாத்தியாக்கும்?" என்றார் அம்பலவாணன்.

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து அவர் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. விதையைக் கெடுத்தவள் என்று பேராகிவிட்டது. வேறு யாரும் அவளைத் தங்கள் களத்தில் விடவில்லை.

அந்த மீசைக் கதிர் ஒன்றை எடுத்துவைத்து அடுத்த சம்பாவில் எங்கள் கொல்லையில் விதைத்தேன். என் சொல்லை உறுதிசெய்துகொள்ளத்தான் என்று நினைக்கிறேன். களத்தில் கலந்த நெல்லாக இருந்தால் அத்தனையும் ஒரே மாதிரி வந்திருக்க வேண்டும். வந்ததோ நெட்டையும் குட்டையும், மீசை உள்ளதும் இல்லாததும். இரண்டு வயலுக்கும் பிறந்த பயிர். கல்லூரி நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 'நெல்லில் நூறு பூவுக்கு ஒன்றுக்கும் குறைவாக அயல் மகரந்தம் சேரலாம்.' தேர்வில் அதைக் கேட்கவில்லை.

நிரவி கிராமத்தில் கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்த அவளைத் தேடிப் போனேன்.

"தப்பு ஒங்க மேல இல்லக்கா. நீங்க சொன்னதுதான் சரி."

அரிவாள் நிற்கவில்லை. "ஐயாகிட்ட சொன்னீங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"அங்க சொல்லுங்க தம்பி. எனக்குத்தான் அப்பவே தெரியுமே."

அந்தத் தை மாதம் விதைச் சாக்குகளைப் பார்க்கும் வேலையும் எனக்கே வந்தது. உள்வெளியாகத் திருப்பி மூன்று முறை உதறினேன். அம்பலவாணன் பக்கத்தில்தான் நின்றார். நான் சொல்லவில்லை.