ஏகாதசியும் எக்கோவும்

எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம் எடுப்பவன், நோயாளியிடம் எதுவும் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. ஆனால் படுத்திருப்பவர் நம் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பார். கையில் ஜெல்லோடு இருட்டறையில் நிற்கும் சகாக்களே, இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது. அதனாலேயே எதற்கெடுத்தாலும் பயம்.

கைநாடி

ஸ்ரீவில்லிபுத்தூர் கோதையம்மாளுக்கு முப்பத்தைந்து வயது. நூற்பாலையில் வேலை. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். மணிக்கட்டைப் பிடித்து கால் நிமிடம் எண்ணி, நாலால் பெருக்கி, எண்பத்து நாலு என்று எழுதினேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து எண்ணினார். நூற்று முப்பது.

இதயத்தின் மேல் அறை ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கினால், எல்லாத் துடிப்பும் மணிக்கட்டுவரை எட்டாதாம். டாக்டர் சிரித்தார்: "தம்பி, கைக்கு வந்து சேந்தத மட்டும் எண்ணியிருக்கீரு. வழியிலேயே நின்னதை யாரு எண்ணுவா?"

என் முகம்

திரையில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. வீங்கிய இடது மேல் அறையின் சுவரில், புளியங்கொட்டை அளவில் ரத்தக்கட்டி. அது பெயர்ந்து மூளைக்குப் போனால் கைகால் விழுந்துவிடும். மாத்திரையால் அதைக் கரைத்த பிறகுதான் மதுரையில் பலூன் வைத்து வால்வை விரிக்க முடியும். இதையெல்லாம் டாக்டர் வந்து சொல்லட்டும் என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

"என்னத்தப் பாத்தீய தம்பி? எங்க வீட்டுக்காரரு போலீசு. அவர்ட்ட மாட்டுனவன்தான் இப்படி முழிப்பான்."

ஒரு நாள் விடுப்பு

ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை, வாரம் ஒரு சோதனை. ஒரு வாரம் முடிவு சரியாக இருக்கும். அடுத்த வாரம் ரத்தம் பழையபடி சீக்கிரம் உறையும். ஆய்வகத்தைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் தேதிகளைக் காலண்டரில் குறித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஏகாதசி அன்று விரதம், அதனால் மாத்திரையும் கிடையாது. மறுநாள் துவாதசிக்கு இலை நிறைய அகத்திக்கீரை. அந்தக் கீரை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். என் அம்மாவும் இதே விரதக்காரிதான். கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்கவில்லை.

கீரையைக் குறைக்க உடனே சம்மதித்தார். விரதத்தன்று மாத்திரை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் கெஞ்சினார், போலீஸ்காரர் அதட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கோதையம்மாளே ஒரு வழி சொன்னார்: "தீர்த்தம் குடிச்சா விரதம் முறியாதுல்லா? அதோட சேத்து முழுங்கிருதேன். அது சாப்பாடு இல்லைன்னு பெருமாளுக்குத் தெரியும்."

இரண்டாவது படம்

சில மாதம் கழித்து மறுபடி படுக்க வைத்தேன். கட்டியைக் காணோம். கரைந்துவிட்டதா, என் கண்ணுக்குத்தான் அகப்படவில்லையா? இடப்பக்கமாகத் திருப்பினேன், மூச்சை அடக்கச் சொன்னேன், விலா இடுக்கெல்லாம் தேடினேன். அரை மணி நேரம் ஆகிவிட்டது. டாக்டர் வந்து தாமே பார்த்துவிட்டு, "கட்டி இல்லைன்னு எழுதும்" என்றார். மதுரையில் தொண்டை வழியாகக் குழாய் விட்டும் பார்ப்பார்கள். அங்கேயும் இல்லையென்றால் பலூன்தான்.

கோதையம்மாள் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்: "இல்லாத ஒண்ணையா தம்பி இம்புட்டு நேரமாத் தேடுனீய?"

இருப்பதைக் காட்ட மூன்று மாதப் பயிற்சி போதும் சகாக்களே, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடத்தான் எனக்கு இன்றைக்கும் வியர்க்கிறது.